கோமெட்டுக்குக் கட்டிய காப்பு

என் சின்னம்மா கெங்கம்மாளுக்கு ஆண்பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் அரங்கநாதன், இளையவன் சக்கரபாணி. நான் அவளுடைய அக்காள் மகன். அரங்கநாதனைவிட ஒரு வயது மூத்தவன் என்பதால் இரண்டு பேருமே என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபத்து நாலாம் வருஷம் செஞ்சி ரோட்டில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றிய லாரி கவிழ்ந்து அரங்கநாதன் போய்விட்டான். அன்று காலையில் காப்புக் கட்டாமல் அனுப்பிவிட்டேனே என்பது சின்னம்மாவின் தீராத புலம்பல்.

காப்பு என்றால் எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம். தூரமான பயணம், ஆபத்தான பயணம் என்றால், மேல்மலையனூர் அங்காளம்மன் சன்னதியில் வைத்து எடுத்த விரலி மஞ்சளை நூலில் கோத்துக் கட்டி அனுப்புவார்கள். போனவர் திரும்பி வந்ததும் கட்டியவரே அவிழ்க்க வேண்டும். அவிழ்த்ததைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். வேறு ஆள் அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்ததை வைத்துக்கொண்டு நடக்கவும் கூடாது.

சக்கரபாணி ஓர் இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. சோற்றுத் தட்டை ஏந்திக்கொண்டு வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடந்துகொண்டே தின்பான். பாலிடெக்னிக்கில் இரண்டு வருஷம் படித்தான், மூன்றாம் வருஷம் போகவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீசில் எட்டு மாதம் இருந்தான். பிறகு சினிமா கொட்டகையில் படம் ஓட்டினான். ஒரு மேட்னியில் ரீலை மாட்டிவிட்டு மொட்டைமாடிக்குப் பருந்து பார்க்கப் போய், ஃபிலிம் கருகி, சனம் நாற்காலியை உடைத்தது. கடைசியாகத் திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். பொடி நிறுப்பதிலும் மிக்சர் கலக்குவதிலும் கை அத்தனை சுத்தம். கால்தான் ஸ்டூலுக்கு அடியில் தையல் மிஷின் மிதித்துக்கொண்டே இருக்கும்.

"கம்பவுண்டரே, கால நிறுத்துங்க. பாட்டிலெல்லாம் கிணுகிணுன்னுது" என்று சீக்காளிகளே சொல்வார்கள்.

அவன் பெண்சாதி அம்சவள்ளி, தாய்மாமன் மகள், திருவெண்ணெய்நல்லூர்க்காரி. "எங்கப்பா எனக்கு மாப்பிள்ளையா பாத்தாரு? பஸ்ஸு பாத்து வுட்டாரு. ஏறுனா நிக்க மாட்டேங்குது, எறங்கலாம்னாலும் நிக்க மாட்டேங்குது" என்பாள்.

எண்பத்து நாலில் ஒருநாள் ஏதோ வேலையாக விழுப்புரம் போனவன், ஏரிக்கரையில் ஒரு பெரியவர் கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு வானத்தில் சின்ன விமானம் ஒன்றைத் திருப்பித் திருப்பி விடுவதைப் பார்த்தான். அவர் கண்ணையன் சார். ஏர்ஃபோர்ஸில் மெக்கானிக்காக இருந்து ரிட்டயர் ஆனவர். ரேடியோவால் விமானம் ஓட்டும் செட்டு லைசென்சோடு வைத்திருந்தார். சக்கரபாணி அன்று போன வேலையை மறந்தான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலைப் பாசஞ்சரில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போய்விடுவான்.

எண்பத்தைந்து ஐப்பசியில் கண்ணையன் சார் இரண்டு செய்தி சொன்னார். பங்குனியில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட விமான ஓடுதளத்தில் ஒரு போட்டி நடக்கப் போகிறது. நிஜமான விமானம் ஒன்றை அச்சு அசலாகச் சின்னதாகச் செய்ய வேண்டும். ராக்கெட் வைத்து அதை மேலே ஏற்ற வேண்டும். மருந்து எரிந்து முடிந்ததும் அது றெக்கையால் மிதந்து, ரேடியோவுக்குக் கட்டுப்பட்டுத் தரைக்கு வர வேண்டும். அது ஒன்று. இன்னொன்று, பட்டணத்தில் என்.சி.சி. விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்யச் சொல்லிக்கொடுக்கும் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. இந்த மாதிரிப் போட்டியில் முதல் மூன்றில் ஓர் இடம் வாங்கிய சர்டிபிகேட் இருந்தால் மனுப்போடலாம். வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும்.

சக்கரபாணிக்கு வைகாசியில் முப்பத்தைந்து முடிகிறது.

வீட்டுக்கு வந்து அம்சவள்ளியிடம் சொன்னான். "இது ஒண்ணுதான்டி நான் உக்காந்து பாக்கக்கூடிய வேல. கெடைச்சா எங்கயும் ஓட மாட்டேன். கெடைக்கலன்னா இந்த ஸ்டூலுதான், சாவறவரைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலில் அவன் உட்கார்ந்திருக்கும் லட்சணத்தை அவளும் பார்த்திருக்கிறாள். நானும் பார்த்திருக்கிறேன். கூண்டில் போட்ட கீரி மாதிரி இருப்பான்.

அவன் எடுத்துக்கொண்டது ஜெர்மன்காரன் யுத்தத்தில் பறக்கவிட்ட கோமெட் என்கிற ராக்கெட் விமானம். நிஜமானதே ராக்கெட்டால் ஏறி, மருந்து தீர்ந்ததும் மிதந்துதான் இறங்குமாம். கட்டைக் குட்டை உடம்பு, வௌவால் றெக்கை, படுக்கை வால் கிடையாது, நிற்கிற வால் மட்டும். கண்ணையன் சாரின் பழைய புத்தகத்தில் இருந்த படத்தை வைத்து அளவெடுத்தான். றெக்கைக்கு லேசான பால்சா கட்டை, உடம்புக்கு நெட்டி, மேலே பட்டத்துக் காகிதம் ஒட்டி வார்னிஷ். எங்கள் தெருவில் அதற்கு மொட்டை வாத்து என்று பேர் வைத்துவிட்டார்கள்.

செய்வதுகூடப் பெரிதில்லை, நிறை பிடிப்பதுதான் உயிர் போகிற வேலை. வால் இல்லாத விமானம் பாருங்கள், கனம் நிற்கிற புள்ளி ஒரு நூல் பின்னால் போனாலும் மூக்கைத் தூக்கிக் கவிழும், ஒரு நூல் முன்னால் வந்தாலும் மண்ணைக் குத்தும். பலகையில் இரண்டு முளை அடித்து, றெக்கைக்கு அடியில் குறித்த இரண்டு புள்ளியில் அதை உட்கார வைப்பான். மூக்குக்குள் ஈயத்துண்டு போட்டுப் போட்டு, மூக்கும் வாலும் தராசு முள் மாதிரி சமமாக நிற்கும்வரை பார்ப்பான். விமானத்துக்குள் வைக்கிற கண்ணையன் சாரின் ரேடியோ சாமான் விழுப்புரத்தில் இருந்தது. அதே கனத்துக்கு ஒரு மணல் பொட்டலம் கட்டி, அதே இடத்தில் வைத்துக்கொள்வான். மருந்துக்கடைத் தராசுக்காரன் கை அல்லவா, குன்றிமணி எடை பிசகாது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சமமாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் ஏரிக்கரை மேல் நின்று வீசினால் மூக்கைத் தூக்கும், ஒரு கணம் அந்தரத்தில் யோசிக்கும், தலைகுப்புற விழும்.

"பின்கனம்ப்பா. ஈயம் போடு" என்பார் கண்ணையன் சார்.

போட்டால் அழகாக மிதக்கும். திண்டிவனம் வந்து முளையில் வைத்தால் மூக்கு தொங்கும். காற்றில்லாத வீட்டில் சமப்பலகை சொல்வதுதானே சரி என்று ஈயத்தை எடுத்துவிடுவான். அடுத்த ஞாயிறு மறுபடியும் கவிழும். வாரா வாரம் அங்கே போட்டதை இங்கே எடுத்தான், இங்கே எடுத்ததை அங்கே போட்டான். ரயில் குலுக்கலில் ஏதோ நகர்கிறது என்றான். ஏரிக் காற்றில் கோளாறு என்றான். கண்ணையன் சார் ரேடியோ சாமானின் கனத்தைத் தப்பாகச் சொல்கிறார் என்றுகூடச் சொல்லிவிட்டான். அவர் இரண்டு ஞாயிறு முகம் கொடுத்துப் பேசவில்லை. கார்த்திகை போனது, மார்கழி போனது. தூக்கம் கெட்டு, கன்னம் ஒட்டி, வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பான். நடக்கிற சத்தத்தில் பக்கத்து வீட்டு எருமை மிரளும்.

தை அமாவாசை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது என்று நினைவு. அன்று விழுப்புரம் போனவன் சாயங்காலம் சந்தோஷத்தில் ஆடிக்கொண்டு வந்தான். ஈயத்தில் கையே வைக்காமல் கரையிலிருந்து ஏரி நடுவரைக்கும் மிதந்து போய்த் திரும்பியதாம். அடுத்த ஞாயிறு அதே விமானம், அதே நிறை, முதல் வீச்சிலேயே கவிழ்ந்தது. வந்து சுவரில் முட்டிக்கொண்டான்.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அம்சவள்ளி கேப்பை புடைத்துக்கொண்டே கேட்டாள். "போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் இன்னாங்க வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்ல. அதே பாசஞ்சரு, அதே பொட்டி, அதே கரை."

"வீட்டுல?"

"வீட்டுல இன்னா?"

"போன வாரம் அத்தை ஊர்ல இல்ல. மலையனூருக்குப் போயிருந்தாங்க."

அவன் அவளை முறைத்தான். "எங்கம்மா இருந்தா வண்டி கவுந்துடுமா? பேஜாரு புடிச்சவளே."

ஆனாலும் அடுத்த ஞாயிறு விடியற்காலையில் குளிக்கப் போகிறவன் மாதிரி போய்விட்டு, கதவுச் சந்தில் நின்று பார்த்தான். சின்னம்மா வந்தாள். கோமெட்டின் வயிற்றுக் கதவைத் திறந்தாள். கட்டை விரல் தடிமனில் ஒரு விரலி மஞ்சள், நூல் கோத்தது. அதைத் துடைப்பத்து ஈர்க்கால் உள்ளே விட்டு, வால் கடைசிவரைக்கும் தள்ளி, கதவை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாயங்காலம் அவன் வந்து கால் கழுவுகிற நேரத்தில் நூலைப் பிடித்து இழுத்து எடுத்துவிடுவாளாம். எடுத்தது கிணற்றுக்குள் போகும். பதினாலு வாரமாக இந்தக் கதை.

"யம்மா!" என்று அவன் போட்ட சத்தத்தில் ஈர்க்கு கீழே விழுந்தது. "என்ன கொன்னுட்டியே! வாலுல மஞ்சள வச்சிட்டு... பன்னண்டு கிராம் இருக்கும்மா அது! நான் அரைக் கிராமுக்கு ராவும் பகலும் செத்துக்கினு கெடக்கறேன்."

சின்னம்மா கொஞ்சமும் அசையவில்லை. "ஒங்கையில கட்டுனா அவுத்துப் போட்டுடற. ஏறி ஏறி வுழறது அதுதானேடா? அதுக்குத்தான் கட்டுனேன்."

"கட்டுனதாலதான் வுழுந்திச்சு!"

"கட்டுனதாலதான் முழுசா வந்திச்சு. ஒரு நாளாச்சும் ஒடைஞ்சி வந்திருக்கா, சொல்லு."

அது உண்மைதான். கவிழ்ந்தது உண்டே தவிர உடைந்ததில்லை. இனிமேல் காப்புக் கட்டவே கூடாது என்றான். சின்னம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "அரங்கநாதனும் இப்பிடித்தான், நேரமாயிடுச்சி வேணாம்மான்னுட்டுப் போனான்" என்று ஒரே வார்த்தை. பிறகு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அம்சவள்ளிதான் வழி சொன்னாள். "ஏங்க, மூக்குல ஈயம் போடறீங்க இல்ல? ஈயத்துக்குப் பதிலா அந்த மஞ்சளப் போட்டா இன்னா? அத்தைக்கும் காப்பு ஆச்சு, உங்களுக்கும் கனம் ஆச்சு."

சின்னம்மாவைக் கேட்டோம். "ஒடம்புல எங்க இருந்தா இன்னா, இருந்தா சரி" என்றாள். நன்றாகக் காய்ந்த ஒரு மஞ்சளைத் தராசில் நிறுத்தான். அந்த எடைக்கு ஈயத்தைக் குறைத்தான். மூக்கு மூடிக்கு உள்ளே சின்னம்மா கையாலேயே நூல் கட்ட வைத்தான். முளையில் வைத்தால் நின்றது. விழுப்புரத்தில் வீசினால் மிதந்தது. கண்ணையன் சாரிடம் போய் மன்னிப்புக் கேட்டான். அவர் மஞ்சளைப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷ சர்வீஸ்ல இந்த மாதிரி ஒரு பார்ட்ட நான் பாத்ததில்லப்பா" என்றார்.

மாசியில் ஒரு ராக்கெட் செலவழித்துப் பார்த்தார்கள். சுர்ரென்று ஏறியது. மேலே போய்ப் படுத்து மிதக்க ஆரம்பித்தது. இவன் கை சும்மா இருக்குமா? பெட்டியில் இருக்கிற குச்சியை இந்தப் பக்கம் ஆட்டினான், அந்தப் பக்கம் ஆட்டினான். கோமெட் பேய் பிடித்தவள் மாதிரி ஆடி இறங்கி ஒரு றெக்கையை ஒடித்துக்கொண்டது.

"அது சரியாத்தான் பறக்குது. நீதான் பறக்க வுடல" என்றார் கண்ணையன் சார். "கைய வச்சிக்கினு சும்மா நில்லு. வேணும்னா மட்டும் தொடு."

றெக்கையை ஒட்டிவிட்டான்; அன்றிலிருந்து அம்சவள்ளி வாத்தியார் ஆனாள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய சொம்பை அவன் இரண்டு கையிலும் கொடுத்து முற்றத்தில் நிறுத்துவாள். சிந்தினால் முதலிலிருந்து. முதல் நாள் எண்பது எண்ணுவதற்குள் சிந்தினான். போட்டிக்கு முந்தின வாரம் ஐந்நூறு எண்ணும்வரை நின்றான். கால்கூட ஆடவில்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு, கம்பவுண்டருக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

பங்குனி கடைசி ஞாயிறு. சக்கரபாணி, அம்சவள்ளி, சின்னம்மா, நான், கண்ணையன் சார் எல்லாரும் பஸ் பிடித்து உளுந்தூர்பேட்டை போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் சிமெண்டுத் தரை, வெடிப்பில் எல்லாம் கோரை. போட்டிக்கு ஏழு பேர். மற்ற ஆறு பேரும் பட்டணம், பெங்களூர். பட்டணத்திலிருந்து வந்த நடுவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்து, படத்துக்கும் கோமெட்டுக்கும் உள்ள ஒற்றுமைக்கு மார்க் போட்டார். பிறகு ராக்கெட் மாட்டுவதற்கு முன்பு தராசில் வைத்து எடையை எழுதினார். அறுநூற்று நாற்பது கிராம். சட்டம் கறார்: பறக்கும்போது ஒரு துண்டும் கழன்று விழக் கூடாது. இறங்கியதைச் சாயங்காலம் ஐந்தரைக்குள் கொண்டுவந்து அதே தராசில் வைக்க வேண்டும். எடை குறைந்தாலும், நேரம் தப்பினாலும் அன்றைய கணக்கே கிடையாது.

மூன்றரை மணிக்கு இவன் முறை வந்தது. கோமெட் சீறிக்கொண்டு செங்குத்தாக ஏறியது. புகைக்கோடு முடிந்த இடத்தில் பளிச்சென்று திரும்பிப் படுத்தது. சக்கரபாணி பெட்டியைப் பிடித்துக்கொண்டு சொம்பு ஏந்தியவன் மாதிரி நின்றான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கோமெட் வட்டம் போட்டது. வெயிலில் வெந்த சிமெண்டிலிருந்து கிளம்பிய அனல்காற்று அதைக் கீழே விடாமல் மேலே தூக்கியது. பருந்து ஏறுகிற மாதிரி ஏறியது. சனம் கைதட்டியது.

"போதும்ப்பா, திருப்பு" என்றார் கண்ணையன் சார்.

இவன் நின்றான்.

"டேய், கிழக்கால போவுது. தொடுடா!"

நின்றான். உதடு மட்டும் அசைந்தது. முன்னூற்றுப் பத்து, முன்னூற்றுப் பதினொன்று என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

"ஏங்க!" என்று அம்சவள்ளி போட்ட கத்தலில்தான் குச்சியைத் தொட்டான். அதற்குள் ரேடியோ எட்டுகிற தூரம் தாண்டிவிட்டது. கோமெட் பனைமரங்களுக்கு மேல் ஒரு புள்ளியாகச் சாய்ந்து மறைந்தது. வாழ்நாளெல்லாம் நிற்காதவன், நிற்கக் கூடாத அந்த இரண்டு நிமிஷம் பார்த்து நின்றான்.

பெட்டியை அம்சவள்ளி கையில் திணித்துவிட்டு ஓடினான். நானும் ஓடினேன். முள்ளுக்காடு, கரும்பு, தரிசு. எதிர்ப்பட்டவர்களை எல்லாம் கேட்டோம். ஒன்றரை மைலுக்கு அப்பால் ஒரு மல்லாட்டைக் கழனியில், செடி பிடுங்குகிற பெண்கள் பத்துப் பேர் வட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் வரப்பு மேல் கோமெட். மூக்கு மூடி திறந்து தொங்கியது, மற்றபடி ஒரு கீறல் இல்லை. சக்கரபாணி தாவினான்.

"யோவ், நில்லு!" கருத்து நெடுத்த ஓர் அம்மாள் களைக்கொட்டோடு குறுக்கே வந்தாள். கூலி ஆட்களுக்குத் தலைவி, பேர் சவுரியம்மாள் என்று மற்றவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது. "எங்க வந்து கைய வைக்கற?"

"என்னுதும்மா இது. போட்டிக்கு வுட்டது. அஞ்சரைக்குள்ள கொண்டும்போவணும்."

"மொதல்ல குண்டுன்னு நெனைச்சி இதுங்க ஓடிச்சிங்க. நான்தான் கிட்டப் போய்ப் பாத்தேன். உள்ள காப்பு கட்டியிருக்குது." திறந்த மூக்குக்குள் மஞ்சளைக் காட்டினாள். "யாரு கட்டுனது?"

"எங்கம்மா."

"அப்போ அவங்களக் கூப்பிடு. வந்து அவுக்கட்டும்."

"செஞ்சவன் நான்தாம்மா!"

"செஞ்சவன் நீ. கட்டுனவ நீ இல்லையே. காப்போட எங்க கழனியில எறங்கிடுச்சி. அவுக்காம தூக்கிக்கினு போனா, கட்டுன கண்டம் எங்க கழனியில இல்ல தங்கும்? இதுங்க புள்ளகுட்டிக்காரிங்க. நாளைக்கும் இங்கதான் குனியணும்."

பின்னால் இருந்த ஒருத்தி சிரித்தாள். "சவேரியார் கோயிலுக்குப் போறவ காப்புக்கு நியாயம் சொல்றா பாரு."

"சவேரியாரு சவேரியாரு, காப்பு காப்பு. ரெண்டையும் ஏன்டி முட்ட வைக்கற? வேலையப் பாரு."

மணி நாலே கால் தாண்டிவிட்டது. பத்துப் பெண்கள், கையில் களைக்கொட்டு. பிடுங்கிக்கொண்டு ஓட முடியாது. நான் ஒரு பால்காரர் சைக்கிளைக் கெஞ்சி வாங்கி ஓடுதளத்துக்கு மிதித்தேன். வேப்பமர நிழலில் இருந்த சின்னம்மாவைக் கேரியரில் ஏற்றினேன். முட்டிவலிக்காரி, வழியெல்லாம் "ஜல்தியாப் போடா, மெதுவாப் போடா" என்று இரண்டையும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கழனியில் அவள் இறங்கியதும் சவுரியம்மாள் வழி விட்டாள். சின்னம்மா நூல் முடிச்சை அவிழ்த்தாள். மஞ்சள் அவள் கைக்கு வந்தது. பக்கத்தில் பம்புசெட்டு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கப்படி அதில் விடக் குனிந்தாள்.

"யம்மா, போடாத!"

அவன் குரலில் எல்லாருமே நின்றுவிட்டார்கள். அவன் பாய்ந்து கையைப் பிடித்துவிடுவான் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. இரண்டடி தள்ளி நின்றே சொன்னான்.

"தராசுல வைக்கணும்மா. மஞ்சளோட எழுதிக்கினாங்க எடைய. இல்லாம கொண்டும்போனா பன்னண்டு கிராம் கொறையும். வழியில ஏதோ கழண்டு வுழுந்துட்டதுன்னு முட்டை போட்டுடுவாங்க. சர்டிபிகேட் கெடையாது."

"அவுத்தத வச்சிக்கினு நடக்கக் கூடாதுடா."

"தெரியும்."

"ஒங்கண்ணனுக்குக் கட்டல, போனான். ஒனக்கு அவுத்தத வச்சிக்கினு, நான்..." தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அசையாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கையில் சொம்போ பெட்டியோ இல்லாமல் அவன் அப்படி நின்று அவள் அதற்குமுன் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். ஆடாத அவன் காலைப் பார்த்தாள்.

பிறகு விரல்களை மூடிக்கொண்டாள். "நீ தொடாத. யாரும் தொடக் கூடாது. எங்கையிலயே வரும். கண்டம் இருந்தா எனக்கு இருக்கட்டும்."

"நானும் வர்றேன்" என்றாள் சவுரியம்மாள். "மூக்குக்குள்ளதான் இருந்திச்சின்னு சொல்ல ஒரு ஆளு வேணாமா? ஒங்கள நம்பி எவன் குடுப்பான்?"

திரும்புகிற வழியில் சைக்கிளைத் தள்ளினேன். கேரியரில் சின்னம்மா, மூடிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. பக்கத்தில் கோமெட்டைத் தூக்கிக்கொண்டு சக்கரபாணி. பின்னால் சவுரியம்மாள். மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது நடுவர் கையில் கடிகாரம். ஐந்து இருபத்தாறு.

எரிந்த ராக்கெட் குழாயைக் கழற்றிவிட்டுத் தராசில் வைத்தார்கள். அறுநூற்று இருபத்தெட்டு. நடுவர் பேனாவை எடுத்தார். சின்னம்மா முன்னால் வந்து கையைத் திறந்து, மஞ்சளையும் நூலையும் தட்டில் வைத்தாள். முள் ஏறி அறுநூற்று நாற்பதில் நின்றது.

"என்னம்மா இது?"

"காப்பு" என்றாள்.

கண்ணையன் சார் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பெங்களூர்க்காரர் ஒருவர் ஆட்சேபித்தார். பறக்கும்போது விழுந்ததா, இறங்கின பிறகு எடுத்ததா என்பதுதான் பேச்சு. சவுரியம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நான் பாத்தேன் சார். மூக்குக்குள்ள கட்டியிருந்திச்சி. இவுரு எடுக்கப் பாத்தாரு, நான்தான் வுடல. இந்தம்மாதான் அவுத்தாங்க. பொய்ன்னா எங்கழனி ஆளுங்க பத்துப் பேரையும் கூட்டியாந்து நிறுத்தட்டுமா?"

நடுவர் அவளையும் பார்த்தார், சின்னம்மாவையும் பார்த்தார். "வேண்டாம்மா" என்று எழுதிக்கொண்டார். சின்னம்மா உடனே மஞ்சளை எடுத்து மறுபடியும் கைக்குள் மூடிக்கொண்டாள்.

காற்றில் அதிகநேரம் நின்றது கோமெட்தான். ஆனால் குறித்த வட்டத்துக்குள் இறங்காததால் பாதி மார்க் போயிற்று. மூன்றாம் இடம். சர்டிபிகேட்டில் பெயரைத் தப்பில்லாமல் எழுதுகிறார்களா என்று அம்சவள்ளி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சின்னம்மா கை இன்னும் மூடியே இருந்தது. வேர்த்து, விரல் இடுக்கெல்லாம் மஞ்சள். பெண்ணையாற்றுப் பாலம் வந்ததும் சக்கரபாணி எழுந்து, கண்டக்டர் விசிலுக்குக் காத்திராமல், நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தான். "ஓல்டான், ஓல்டான்!"

"இன்னாயா? இங்க ஸ்டாப்பிங் கெடையாது" என்றார் கண்டக்டர்.

"வயசானவங்க, ரெண்டு நிமிசம்." அதற்குள் சின்னம்மாவை முதுகில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டான்.

பங்குனி ஆறு. அகலமெல்லாம் மணல், தூரத்தில் ஓர் ஓரமாக நூல் மாதிரி தண்ணீர். டிரைவர் ஹாரன் அடித்தார். பின் சீட்டில் ஒருவர், "சாவுகிராக்கி, எம்மாந்நேரம்யா?" என்றார். கண்டக்டர் இறங்கி நின்று கையைத் தட்டினார். பஸ்ஸில் எல்லாருக்கும் அவசரம்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மூடிய கையோடு முதுகில் இருந்தவள் குலுங்காதபடி, ஓர் அடி வைத்து, மணலில் கால் பதிந்த பிறகு அடுத்த அடி வைத்து, தண்ணீரை நோக்கி மெதுவாக நடந்துபோனான்.